சாதாரணம் என்று குறித்த அழைப்பு

எனக்கு எதுவும் நடக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் கடந்த ஒன்பது மாதமாக என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம் ஏதோ நடந்திருக்கிறது என்றே நினைத்துக்கொள்கிறார்கள். யாரும் சாகவில்லை. வேலை போகவில்லை. குடிப்பதில்லை. வருடாந்திரப் பரிசோதனையில் கம்பெனி டாக்டர் என் ரத்தம், சர்க்கரை, இதயம், கண் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "இந்த ரிப்போர்ட்ட ஃப்ரேம் போட்டு மாட்டலாம் சார்" என்றார்.

"அப்புறம் ஏன் டாக்டர் எதுலயும் மனசே போக மாட்டேங்குது?"

அவர் பேனாவை மூடிவைத்து என்னை ஒருமுறை பார்த்தார். மேசை இழுப்பறையிலிருந்து இரண்டு பக்கத் தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். முதல் பக்கத்தில், யாரும் சொல்லாமல் நீங்களாக ஒரு வேலையைத் தொடங்குவீர்களா, தொடங்கியதை முடிப்பீர்களா என்பது போன்ற கேள்விகள். இரண்டாம் பக்கத்தில், அடுத்தவர் அழுதால் உங்களுக்கும் கஷ்டமாக இருக்குமா, ஒருவர் சொல்லாமலேயே அவர் மனநிலை தெரியுமா என்பது போன்றவை. நான் எல்லாவற்றிற்கும் 'சில நேரம்' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். அதற்குத்தான் குறைவாக யோசித்தால் போதும்.

"இருபத்தி நாலு கேள்விக்கும் சில நேரமா? காப்பி அடிக்கிற பசங்ககூட நடுவுல ஒண்ணு ரெண்டு மாத்திப் போடுவாங்க."

"எல்லாம் அப்படித்தான் டாக்டர் இருக்கு."

"நான் பாத்த வரைக்கும் சொல்றேன். சில பேருக்கு மொதல் பக்கம் வத்தினா ரெண்டாம் பக்கமும் சேந்தே வத்திரும். நோய் ஒண்ணும் கிடையாது. நல்லா இருக்கறவங்களுக்கே வரும். எது மொதல்ல வத்துதுன்னு கேட்டீங்கன்னா எனக்குத் தெரியாது. ரெண்டு மாசம் கழிச்சு வாங்க."

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். துவைக்கும்போது அது கரைந்துபோனது.

பதினாறு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் நான். ஒன்பது மாதத்துக்கு முன் நானே எழுதிக் கேட்டு அழைப்பு மேசைக்கு மாறிக்கொண்டேன். நகரத்தில் எங்கள் கம்பெனி பராமரிக்கும் லிஃப்டுகளில் யாராவது மாட்டிக்கொண்டு மணிப் பொத்தானை அழுத்தினால், என் முன்னால் உள்ள திரையில் சிவப்பாக ஒரு கட்டம் ஒளிரும். நான் பேச வேண்டும். கேள்விகள் மூன்று: எத்தனை பேர் உள்ளே இருக்கிறீர்கள், யாருக்காவது உடம்புக்கு முடியவில்லையா, விளக்கும் மின்விசிறியும் ஓடுகின்றனவா. பதிலைப் பொறுத்து 'அவசரம்' அல்லது 'சாதாரணம்' என்று குறிக்க வேண்டும். அவசரத்துக்கு முதலில் ஆள் போகும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளே இருப்பவரை அழைத்து விசாரிக்க வேண்டும். அவ்வளவுதான். நாற்காலி சுழலும். ஏசி உண்டு. யாருடைய முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

பக்கத்து மேசைப் பெண்ணுக்கு ரேடியோ என்று பெயர் வைத்திருக்கிறோம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. வெளியே ஓடுகிற இரண்டு மெக்கானிக்குகளில் ஒருவன் ஸ்பேனர். இன்னொருவனுக்குப் பட்டப்பெயர் வைக்கிற அளவுக்கு அவன் அலுவலகத்தில் தங்கியதே இல்லை.

வீட்டில் அந்த வாரம் ஒரு கேள்வி மேசைமேல் கிடந்தது. என் மனைவி ரத்த வங்கியில் பரிசோதகர். ரயிலில் ஐந்து மணி நேரத் தொலைவில் உள்ள ஊரில் புதிதாகத் தொடங்கும் ஆய்வகத்துக்குத் தலைமைப் பொறுப்பு ஏற்க அவளைக் கூப்பிட்டுக் கடிதம் வந்திருந்தது. ஒன்றரை வருடம். சனி, ஞாயிறு வந்து போகலாம். வியாழக்கிழமை காலை பத்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். மகளுக்கு இந்த வருடம் பெரிய பரீட்சை, அவளைப் பள்ளி மாற்ற முடியாது. ஆக, மனைவி போனால் வீட்டில் நானும் மகளும்தான்.

அவள் என்னிடம் மூன்று முறை கேட்டாள். ஞாயிறு காலை, திங்கள் இரவு, செவ்வாய் நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது. மூன்று முறையும் நான் சொன்னது ஒன்றுதான். "உன் இஷ்டம். எதுன்னாலும் பரவாயில்ல."

பெருந்தன்மையாகச் சொல்கிறேன் என்றுதான் நான் நினைத்தேன். மூன்றாம் தடவை அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தது என்பதுதான் விசித்திரம். தூரத்துக் கட்டிடத்தில் விளக்கு எரிவதைப் பார்ப்பதுபோல அது தெரிந்தது. எழுந்து அங்கே நடக்க வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

புதன்கிழமை மதியம் இரண்டு இருபதுக்கு ஒரு கட்டம் சிவந்தது. எங்கள் அலுவலகத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி உள்ள பழைய ஐந்து மாடிக் கட்டிடம்.

"உங்க அழைப்பு வந்திருக்கு. எத்தனை பேர் இருக்கீங்க?"

"நான் மட்டும்தாங்க." ஒரு பெண் குரல்.

"உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

"இல்ல, பரவாயில்ல."

"லைட், ஃபேன் ஓடுதா?"

"லைட்டு எரியுது. ஃபேன்..." ஒரு சின்ன இடைவெளி. "பரவாயில்லங்க. நீங்க மெதுவா வாங்க."

'சாதாரணம்' என்று குறித்தேன். அதே நிமிடம் வணிக வளாகம் ஒன்றிலிருந்து ஐந்து பேர் கூச்சலோடு அழைத்தார்கள். ஒருவன் கதவை உதைக்கும் சத்தம் ஸ்பீக்கரில் அதிர்ந்தது. "செத்துருவோம் சார்!" என்று கத்தினான். 'அவசரம்'. பக்கத்தில் இருந்த ஸ்பேனரை அங்கே அனுப்பினேன். இன்னொருவன் ஊரின் மறுகோடியில் ஒரு மருத்துவமனை லிஃப்டைப் பிரித்துப் போட்டிருந்தான்.

பத்து நிமிடம் கழித்து அந்தப் பெண்ணை அழைத்தேன். "பரவாயில்லங்க" என்றாள். இருபது நிமிடத்தில் அழைக்க மறந்துவிட்டேன். மறந்தேன் என்பதும் பொய். கடிகாரத்தைப் பார்த்தேன், கை போகவில்லை.

வளாகத்திலிருந்து ஸ்பேனர் போன் செய்தான். "அண்ணே, அஞ்சு பேரும் உள்ள உக்காந்து செல்ஃபி எடுத்துட்டு இருக்கானுங்க. ஒருத்தன் சமோசா கேக்கறான். கதவு ஓடற சேனல் வளைஞ்சிருக்கு, உதைச்சே வளைச்சிருக்கானுங்க. முக்கால் மணி ஆகும்."

முப்பத்தைந்தாவது நிமிடம் மறுபடி அந்தப் பெண்ணை அழைத்தேன்.

"மெக்கானிக் வர இன்னும் நேரமாகும் போல இருக்கு மேடம். பரவாயில்லையா?"

"ம். பரவாயில்ல."

லைனை நான்தான் துண்டிக்க வேண்டும். உள்ளே இருப்பவரால் முடியாது. விரல் பொத்தான் மேல் இருந்தது. அந்த இரண்டு மூன்று நொடியில் அந்தப் பக்கத்திலிருந்து ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றும் கேட்காததில் பல வகை உண்டு. மௌனத்தில் பொழுதைக் கழிக்கிறவனுக்கு வகை பிரிக்கத் தெரியும். இது நிம்மதியாக இருப்பவர் மௌனம் இல்லை. வாயைக் கையால் பொத்திக்கொண்டு மூச்சை வெளியே தெரியாமல் விடுகிறவர் மௌனம்.

மின்விசிறி பற்றிக் கேட்டபோது அவள் விட்ட இடைவெளி அப்போதுதான் என் காதில் விழுந்தது. ஃபேன் ஓடவில்லை. ஓடவில்லை என்று சொல்ல வந்து, வேண்டாம் என்று விட்டிருக்கிறாள். முப்பத்தைந்து நிமிடமாக, பகல் வெயிலில், தகரப் பெட்டிக்குள்.

பரவாயில்லை என்ற சொல்லை நம்பி ஒரு கட்டத்தில் டிக் அடித்திருக்கிறேன். நம் பேச்சில் அந்தச் சொல்லுக்கு வேண்டாம் என்றும் பொருள், வேண்டும் என்றும் பொருள். மன்னித்தேன் என்றும் பொருள், இனி உன்னிடம் கேட்டுப் பயனில்லை என்றும் பொருள். இதை நான் அப்போது யோசிக்கவில்லை. அப்போது எழுந்து நின்றிருந்தேன்.

சுவரில் தொங்கிய லிஃப்ட் கதவுத் திறப்புச் சாவியை எடுத்தேன்.

"எங்கண்ணே கிளம்பிட்டீங்க?" என்றாள் ரேடியோ.

"ரெண்டு தெருதான். நானே போய் எறக்கிட்டு வந்துடறேன். நீ அந்த லைன கட் பண்ணாத. அவங்ககிட்ட பேசிட்டே இரு."

"மேசைய விட்டுப் போகக் கூடாதுண்ணே, மேனேஜர் மென்னுருவாரு."

"பேசறியா, மாட்டியா?"

"பேசறதுக்கு என்னைக் கெஞ்சின மொத ஆளு நீங்கதான்" என்று ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள்.

தெருவில் ஓடினேன் என்று எழுத ஆசைதான். வேகமாக நடந்தேன். இரண்டாவது தெரு முனையில் மூச்சு வாங்கியது. ஒன்று மட்டும் கவனித்தேன். கிளம்பும்போது அந்தப் பெண்மேல் எனக்குப் பெரிதாக இரக்கம் எதுவும் வரவில்லை. என் தவறு என்ற எரிச்சல்தான் இருந்தது. பாதி வழியில்தான், கால்கள் தாமாகப் போய்க்கொண்டிருந்தபோது, அவள் எப்படி இருப்பாள், சுவரில் சாய்ந்தா, தரையில் உட்கார்ந்தா, தண்ணீர் வைத்திருப்பாளா என்று ஒவ்வொன்றாக நினைப்பு வந்தது. நினைப்பு வர வர வேகம் கூடியது. எது முதலில் வற்றியது என்று டாக்டருக்குத் தெரியவில்லை. ஊறியதில் எது முதல் என்று எனக்குத் தெரிந்தது. என் விஷயத்தில் கால்தான் முதல்.

கட்டிடத்துக் காவலாளி வாசலில் பேப்பரால் விசிறிக்கொண்டிருந்தார். "ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல நிக்குது சார். அந்தம்மா சத்தமே போடல. நான் போயிட்டாங்கன்னே நினைச்சேன்."

"எங்க போவாங்க? பொட்டிக்குள்ள இருந்து?"

அவர் தலையைச் சொறிந்தார். அவரையும் இழுத்துக்கொண்டு படியேறினேன். மூன்றாம் மாடிக் கதவில் வாய் வைத்து, "மேடம், ஆள் வந்தாச்சு. மேல மோட்டார் ரூம்ல இருந்து கையால நகர்த்தப் போறேன். கொஞ்சம் ஆடும். கதவத் தொடாதீங்க" என்றேன்.

"சரிங்க" என்ற குரல் மிகக் கீழே இருந்து வந்தது. தரையில் உட்கார்ந்திருக்கிறாள்.

மொட்டைமாடி மோட்டார் அறையில் அடுப்பைத் திறந்ததுபோல் சூடு. மெயின் ஸ்விட்சை அணைத்துப் பூட்டினேன். பிரேக்கை விடுவிக்கும் நெம்புகோலைக் காவலாளியிடம் கொடுத்து, "நான் சொன்னா அழுத்துங்க, விடுன்னா விடுங்க. நடுவுல போன் வந்தா எடுக்காதீங்க" என்றேன். மோட்டாரின் சக்கரத்தில் கை வைத்தேன். பழைய எண்ணெயும் இரும்பும் கலந்த அந்த வாசனை ஒன்பது மாதத்துக்குப் பிறகு மூக்கில் ஏறியது. அழுத்துங்க, விடுங்க, அழுத்துங்க. அங்குலம் அங்குலமாகப் பெட்டி இறங்கியது. கயிற்றில் மஞ்சள் பூசிய அடையாளம் இரண்டாம் மாடிக் கோட்டுக்கு நேராக வந்ததும் நிறுத்தினேன். தோளில் வலி. நல்ல வலி.

கதவைத் திறந்தபோது அவள் மூலையில் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயது இருக்கும். கழுத்தில் தையல் டேப், மடியில் துணி மாதிரிகள் ஒட்டிய தடிமனான புத்தகம். ரவிக்கை முழுக்க வியர்வையில் நனைந்திருந்தது. எழுந்திருக்கப் பார்த்து முடியாமல், தவழ்ந்து வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தாள். காவலாளி தண்ணீர் கொண்டு வந்தார். பாட்டிலைப் பாதி காலி செய்த பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"நாப்பத்தி மூணரை" என்றாள்.

"என்னது மேடம்?"

"உங்க லிஃப்ட்டு அகலம். நான் ஜன்னல் திரை தைக்கிறவ. நாலாவது மாடியில அளவெடுக்க வந்தேன். பயத்துல இதையே அளந்துட்டேன். நாலு தடவ. மூணாவது தடவ அரை அங்குலம் கொறஞ்சிருந்துச்சு. அப்பத்தான் சார் உசுரே போச்சு."

சிரிக்கக் கூடாது என்று நினைத்தேன். அவளே சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

"மன்னிச்சுக்குங்க. தப்பு என்னோடது. நீங்க பரவாயில்லன்னு சொன்னீங்க, நான் அப்படியே எழுதிட்டேன்."

"வேற என்ன சொல்றது? கத்தினா சீக்கிரம் வந்துருப்பீங்களா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆமாங்க. கத்தினவங்ககிட்டதான் மொதல்ல போனோம்."

"அட! இது தெரியாம நாப்பது வருஷம் ஓட்டியிருக்கேனே." பாட்டிலை மூடினாள். பிறகு தயங்கி, "இல்ல சார், கத்தணும்னுதான் இருந்தேன். உங்க குரலக் கேட்டதும் மனசு வரல."

"ஏன்?"

"தப்பா எடுத்துக்காதீங்க. அவ்வளவு களைச்ச குரல். எத்தனை பேர் இருக்கீங்கன்னு நீங்க கேட்டப்ப, உள்ள மாட்டிக்கிட்டது நீங்களா நானான்னு சந்தேகமே வந்துருச்சு. பாவம், இவர நாம வேற போட்டு வதைக்கணுமான்னு விட்டுட்டேன்."

நான் படிக்கட்டில் அவளுக்கு இரண்டு படி கீழே உட்கார்ந்தேன். மூச்சுத் திணறும் பெட்டிக்குள் இருந்த ஒருத்தி, ஏசியில் உட்கார்ந்திருந்தவனுக்காகப் பாவப்பட்டு உதவி கேட்காமல் இருந்திருக்கிறாள்.

"அந்தப் பொண்ணு நல்லாப் பேசுச்சு" என்றாள் அவள். "மாமியார் கதை முழுசும் சொல்லிருச்சு. இன்னும் அஞ்சு நிமிஷம் போயிருந்தா அவ வீட்டுக்கு சும்மாவே திரை தைச்சுத் தர்றேன்னு வாக்கு குடுத்திருப்பேன். நல்லவேளை வந்தீங்க."

அவளை நாலாம் மாடி வரை படியில் கூட்டிப்போய் விட்டேன். துணிப் புத்தகத்தை நான் தூக்கிக்கொண்டேன். இறங்கி வரும்போது ஸ்பேனர் வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தான். என் கையில் இருந்த எண்ணெய்க் கறையைப் பார்த்தான்.

"பரவாயில்லையே அண்ணே! மறக்கல போல?" என்றான். "மேனேஜர் தேடறாரு. திட்டவா, தட்டிக்குடுக்கவான்னு அவருக்கே இன்னும் முடிவாகல."

திட்டத்தான் செய்தார். கேட்டுக்கொண்டேன்.

மாலை ஆறரைக்கு வீட்டுக்குப் போனேன். மனைவி சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தாள். மகள் உள் அறையில் சத்தமாகப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம்னு எழுதிட்டேன்" என்றாள் மனைவி, திரையைப் பார்த்துக்கொண்டே. "காலையில அனுப்பிடறேன்."

"ஏன்?"

"அங்க வெயில் ஜாஸ்தி. தங்கறதுக்கு நல்ல இடம் கிடைக்காதுங்கறாங்க. போகட்டும், இங்கயே என்ன கொறச்சல்."

நான் எதிரே உட்கார்ந்தேன். வழக்கமாக இந்த இடத்தில் சரி என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவேன். எழவில்லை. உள்ளே மகள் ஒரே வரியை நாலு முறை படித்தாள்.

"இன்னிக்கு ஒரு அம்மா லிஃப்ட்ல மாட்டிக்கிட்டாங்க" என்றேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். டேப் கதையைச் சொன்னபோது அவள் உதடு அசைந்தது. என் குரலைக் கேட்டு அந்தப் பெண் பாவப்பட்டதைச் சொன்னபோது அந்த அசைவு நின்றுவிட்டது. வெகு நேரம் மேசையில் இருந்த ஒரு கீறலை நகத்தால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நாங்களும்தான் கேக்கல" என்றாள் கடைசியில். "அவளுக்குப் போன மாசம் ஸ்கூல்ல ஒரு பிரச்சனை. அப்பாகிட்ட சொல்லட்டுமான்னா. வேணாம், அப்பா களைப்பா இருக்காருன்னு நான்தான் சொன்னேன். பல்லு வலின்னு நான் ரெண்டு நாள் தூங்கல. சொல்லல."

"நான் கேட்டிருக்கணும்."

"கேட்டிருக்கணும்தான்." அவள் குரலில் கோபம் இருந்தது. கேட்க நன்றாக இருந்தது. "உங்கள இப்படி விட்டுட்டு நான் எப்படிங்க போறது? வெயிலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல."

"எப்படிங்கறத விடு, நீ போகணும்னு நினைக்கிறியா? அத மட்டும் சொல்லு."

அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். ஒரே ஒரு முறை, சின்னதாக. என் இருபது வருடத் திருமணத்தில் அவள் ஒன்றை வேண்டும் என்று கேட்டு நான் பார்த்த தருணங்கள் குறைவு.

"உங்களுக்கு?" என்றாள்.

உன் இஷ்டம் என்று நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு உள்ளே தேடினேன். தேட நேரமானது. அவள் பொறுமையாக இருந்தாள்.

"எனக்குப் பிடிக்கல" என்றேன்.

"என்ன?"

"நீ போறது பிடிக்கல. வீடு வெறிச்சுன்னு கிடக்கும். கடுப்பா இருக்கு."

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். அவள் கண் நிறைந்தது, ஆனால் முகம் வருத்தமாக இல்லை. "போகாதங்கறீங்களா?"

"இல்ல. பிடிக்கலங்கறேன். நீ போ. போகத்தான் வேணும். எனக்குப் பிடிக்காமயே போ."

உள் அறையில் படிப்புச் சத்தம் எப்போதோ நின்றிருந்தது. மகள் வாசலில் நின்றாள்.

"அம்மா போனா காலையில என்னை யாரு எழுப்பறது?"

"நான்."

"நீங்களா? உங்கள யாருப்பா எழுப்பறது?"

"ஸ்பேனர் அங்கிள். திங்கள்லேருந்து என்னைத் திரும்ப வெளி வேலைக்குப் போடச் சொல்லிக் கேட்டிருக்கேன். ஆறு மணிக்கு ஹாரன் அடிப்பான்."

"மேனேஜர் சரின்னாரா?"

"யோசிக்கிறேன்னாரு. இன்னிக்கு திட்டின திட்டுக்கு அது பெரிய விஷயம்."

அவள் என் பக்கத்தில் வந்து நின்று, சட்டைக் கையில் இருந்த எண்ணெயைத் தொட்டுப் பார்த்தாள். "எனக்கு ஸ்கூல்ல ஒண்ணு ஆச்சுப்பா. அப்புறமா சொல்றேன்."

"இப்பவே சொல்லேன்."

"அம்மா மெயில அனுப்பட்டும். அது முடியட்டும்."

மனைவி எழுதியிருந்ததை அழித்தாள். புதிதாக நாலு வரி எழுதி, எங்களுக்குப் படித்துக் காட்டி, ஒரு சொல்லை மாற்றி, அனுப்பினாள். அனுப்பிய பிறகு நாற்காலியில் சாய்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். மகள் அவளிடம் போய்த் தோளில் தாடையை வைத்துக்கொண்டாள். நான் காத்திருந்தேன்.

"அங்க நீ என்னதான் பண்ணுவ?" என்று கேட்டேன். ஒரு வாரமாகக் கடிதம் மேசையில் கிடந்தும் இதை நான் கேட்டிருக்கவில்லை.

அவள் சொல்ல ஆரம்பித்தாள். ரத்தத்திலிருந்து தட்டணுக்களைப் பிரித்தெடுக்கும் இயந்திரங்கள், அவை ஐந்து நாள்தான் தாங்கும், அதனால் எவ்வளவு எடுப்பது, எங்கே எப்போது அனுப்புவது என்று தினமும் காலையில் போடும் கணக்கு. பேசப் பேச அவள் கைகள் மேசைமேல் வரைபடம் போட்டன. எனக்குப் பாதியில் தவறிவிட்டது. தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

"புரியல" என்றேன். "அஞ்சு நாள்தான் தாங்கும்னா, அதுக்குள்ள யாருக்கும் தேவைப்படலன்னா என்ன பண்ணுவீங்க?"

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு நாற்காலியை மேசையைச் சுற்றி என் பக்கத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு காகிதத்தை எடுத்து, முதலிலிருந்து தொடங்கினாள்.